மண்ணடியில் ஆறு நாட்கள்

சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்தில் இறங்கி, இராஜாஜி சாலையையும் பர்மா பஜாரையும் தாண்டி மேற்கே நடந்தால் மண்ணடி வந்துவிடும். மூர் தெரு, அங்கப்ப நாயக்கன் தெரு, லிங்கிச் செட்டி தெரு, தம்புச் செட்டி தெரு என வடக்குத் தெற்காக நீளும் தெருக்கள். அவற்றைக் குறுக்கே அறுத்துச் செல்லும் சந்துகள். ஆங்கிலேயர் காலத்தில் கோட்டைக்கு வெளியே அமைந்த கறுப்பர் நகரத்தின் ஒரு பகுதி இது. இரும்புச் சாமான் கடைகளும், சரக்கு அனுப்பும் அலுவலகங்களும், பயண முகவர்களின் பெயர்ப் பலகைகளும் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. 2019 பிப்ரவரி முதல் இந்த நெரிசலுக்கு அடியில் மெட்ரோ ரயிலும் வந்து நிற்கிறது.

காயல்பட்டினத்தாருக்கும் கீழக்கரையாருக்கும் அதிராம்பட்டினத்தாருக்கும் மண்ணடியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஊரிலிருந்து வெளியே போகிறவனும், வெளியிலிருந்து ஊருக்குத் திரும்புகிறவனும் இத்தெருக்களில் ஓரிரவாவது தங்காமல் போனதில்லை. முற்காலத்தில் கப்பல் ஏறத் தங்கினார்கள். பின்னர் பாஸ்போர்ட்டுக்கும் விசாவுக்கும் தங்கினார்கள். இப்போது பெரும்பாலும் மருத்துவச் சோதனைக்காகத் தங்குகிறார்கள். விடுதியின் மாடிப்படியில், தேநீர்க் கடையின் பலகையில், மஸ்ஜிதே மஃமூரின் வாசலில் செருப்பைத் தேடும் வேளையில், இளைஞர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வது ஒரே கேள்விதான்: "ரிப்போர்ட் வந்துவிட்டதா?"

இக்கேள்வியைக் கேட்போர் இரு வகையினர். வளைகுடா நாடுகளுக்குப் புறப்படுவோர் முதல் வகை. அவர்களுடைய பயம் நெஞ்சுப் படத்தைப் பற்றியது. நுரையீரலில் பழைய காசநோயின் வடு தெரிந்தால் தகுதியற்றவர் என்று எழுதிவிடுவார்கள். அந்த மருத்துவச் சோதனையை முன்பு 'காம்கா' என்றார்கள். இப்போது 'வாஃபித்' என்கிறார்கள். இரண்டாம் வகையினர் கப்பல் பையன்கள். எண்ணிக்கையில் குறைவானவர்கள், பேச்சிலும் சற்று அடக்கமானவர்கள். இவர்கள் கடந்தாக வேண்டிய சோதனைகளில் ஒன்று, உடலில் போதைப் பொருள் உள்ளதா என்று பார்ப்பது. அந்தச் சோதனையின் முடிவு சிலருக்கு அன்றே வருகிறது. சிலருக்கு ஒரு வாரம் இழுக்கிறது. இழுக்கும் அந்த நாட்களில் என்ன நடக்கிறது என்பதை ஊரிலுள்ள குடும்பத்தார் அறிவதில்லை. அறியாத இடத்தில் சந்தேகம் குடியேறிவிடுகிறது.

2022 நவம்பரில் என் தங்கையின் மகன் கப்பலேறுவதற்காகச் சென்னைக்குப் புறப்பட்டபோது, துணைக்கு நானும் சென்றேன். செந்தூர் விரைவு ரயிலில் ஏறி மறுநாள் காலையில் எழும்பூரில் இறங்கினோம். மண்ணடியில் ஒரு விடுதியில் அறை எடுத்தோம். திங்கட்கிழமை இரவு விமானம். சிங்கப்பூரில் கப்பலில் ஏற வேண்டும். மருத்துவச் சோதனை வியாழக்கிழமை. நடுவில் மூன்றே நாட்கள்.

எண்ணெய்க் கப்பலில் வேலை செய்யப் போகும் ஒரு காயல்பட்டினத்துப் பையனிடம் சிறுநீரை வாங்கிச் சோதிக்கும் வழக்கம் எங்கிருந்து வந்தது என்பதை இங்கே கூறிவிடுவது நல்லது. இதன் தொடக்கம் அமெரிக்காவில். 1986 செப்டம்பரில் குடியரசுத் தலைவர் ரீகன் பிறப்பித்த ஆணை, அந்நாட்டு அரசுப் பணிகளைப் போதையற்றவையாக்க வேண்டும் என்றது. 1988 ஏப்ரலில் அந்நாட்டு நலவாழ்வுத் துறை, மாதிரியை எப்படி எடுப்பது, எந்த அளவுக்கு மேல் இருந்தால் குற்றமாகக் கொள்வது, முடிவை யார் அறிவிப்பது என்ற விதிகளை வகுத்தது. அதே ஆண்டில் அமெரிக்கக் கடலோரக் காவல் படையும் தன் நாட்டு மாலுமிகளுக்கு இச்சோதனையைக் கட்டாயமாக்கியது.

அதற்கு அடுத்த ஆண்டுதான் உலகமே கப்பல்களைத் திரும்பிப் பார்த்தது. 1989 மார்ச் 24 அன்று 'எக்ஸான் வால்டெஸ்' என்ற எண்ணெய்க் கப்பல் அலாஸ்காவின் பிரின்ஸ் வில்லியம் சவுண்டில் பாறை மீது ஏறியது. ஏறக்குறைய 1 கோடியே 10 லட்சம் கேலன் கச்சா எண்ணெய் கடலில் கொட்டியது. கப்பல் தலைவர் மது அருந்தியிருந்தார் என்ற குற்றச்சாட்டு எழுந்தது; குடிபோதையில் கப்பல் செலுத்தினார் என்ற வழக்கில் 1990-இல் நடுவர் குழு அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது. ஆனால் எண்ணெய் நிறுவனங்கள் அத்தோடு விட்டுவிடவில்லை. 1995-இல் எண்ணெய் நிறுவனங்களின் கடல்சார் மன்றம் கப்பல்களில் மது, போதைப் பொருள் கட்டுப்பாட்டுக்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. தன் எண்ணெயை ஏற்றும் கப்பலில் இந்நெறிகள் நடைமுறையில் உள்ளனவா என்று ஒவ்வொரு பெருநிறுவனமும் கேட்கத் தொடங்கியது. கப்பல் உரிமையாளர் ஆள் அனுப்பும் முகவரைக் கேட்டார். முகவர் மண்ணடி விடுதியில் தங்கியிருக்கும் பையனைக் கேட்கிறார். மது விஷயத்தில் 2010-இல் மணிலாவில் திருத்தப்பட்ட உலகக் கடலோடிகள் ஒப்பந்தம் இரத்தத்தில் 0.05 விழுக்காடு என்ற உச்ச வரம்பையே விதித்து, 2012 முதல் நடைமுறைக்கு வந்தது.

இனி, அந்த வியாழக்கிழமையின் நிகழ்ச்சி.

மருத்துவ மையத்தில் மாதிரி எடுக்கும் முறையை நான் வெளியே இருந்து பார்த்தவரையிலும், பையன் சொல்லக் கேட்டவரையிலும் எழுதுகிறேன். முதலில் அடையாள அட்டை. பிறகு சட்டைப் பையில் உள்ளவற்றையெல்லாம் வெளியே எடுத்து வைக்கச் சொன்னார்கள். கழிவறைத் தொட்டியின் நீரில் நீல நிறம் கலந்திருந்தது. அந்நீரை மொண்டு மாதிரியில் கலந்தால் நிறம் காட்டிக் கொடுத்துவிடும். குழாயையும் அடைத்து வைத்திருந்தார்கள். கோப்பையின் பக்கவாட்டில் வெப்பம் காட்டும் பட்டை ஒன்று இருந்தது. சிறுநீர் கைக்கு வந்த 4 நிமிடங்களுக்குள் 32 முதல் 38 டிகிரி செல்சியஸ் வரை வெப்பம் காட்ட வேண்டும்; காட்டாவிட்டால் அது அவனுடையதுதானா என்ற ஐயம் எழும். பின்னர் அவன் கண்முன்னே இரண்டு குப்பிகளில் ஊற்றி, மூடி, முத்திரை ஒட்டி, முத்திரையின் மேல் அவனுடைய சுருக்கொப்பத்தை வாங்கினார்கள். ஒரு குப்பி சோதனைக்கு. மற்றது, முடிவை மறுத்து முறையிட்டால் எடுத்துப் பார்ப்பதற்கு.

அத்துடன் ஒரு தாள். குப்பி யார் கையிலிருந்து யார் கைக்கு, எந்நேரத்தில் சென்றது என்று ஒவ்வொருவரும் கையெழுத்திட வேண்டிய தாள். இடையில் ஒரு கையெழுத்து விடுபட்டாலும் அந்த மாதிரியின் முடிவு ஏற்கத் தக்கதன்று. அறிவிப்பாளர் வரிசையில் ஒரு பெயர் விடுபட்டால் செய்தியின் தரம் என்னவாகும் என்பதை மத்ரஸாவில் ஓதியவர்கள் அறிவார்கள். அந்தத் தாளைப் பார்த்ததும் எனக்கு ஒருவித நெருக்கம் தோன்றியது.

முதற்சோதனை அங்கேயே, ஓர் அட்டையில். ஐந்து நிமிடங்களில் முடிந்துவிடும். இந்த அட்டையில் ஒரு விந்தை உண்டு. கர்ப்பச் சோதனை அட்டையில் கோடு தோன்றினால் 'உண்டு' என்று பொருள். இதிலோ கோடு தோன்றினால் 'இல்லை' என்று பொருள். கோடு தோன்றாவிட்டால்தான் ஐயம். மங்கலான கோடும் கோடுதான், அதுவும் 'இல்லை'யே. கைப்பேசியில் படம் எடுத்து ஊருக்கு அனுப்பி, தலைகீழாகப் பொருள் கொண்டு அழுத குடும்பங்களைப் பற்றி விடுதியில் கேள்விப்பட்டேன்.

எங்கள் பையனின் அட்டையில் கஞ்சா, கொக்கெய்ன், ஆம்ஃபிடமின் ஆகியவற்றுக்குக் கோடுகள் இருந்தன. அபின் வகைக்கு உரிய இடத்தில் கோடு இல்லை.

"வேறு லேபுக்கு அனுப்ப வேண்டும், சொல்லி அனுப்புகிறோம்," என்றார் அங்கிருந்த ஊழியர். வெளியே வந்தவன் முகத்தில் இரத்தமே இல்லை. "மாமா, நான் பீடி கூடக் குடித்ததில்லை," என்றான். அது எனக்குத் தெரியும். ஆனால் எனக்குத் தெரிந்ததைக் கப்பல் நிறுவனம் எப்படி அறியும்?

முன்பெல்லாம் இந்நிலையில் 'பாசிட்டிவ்' என்று சொல்லிவிடுவார்கள். ஒழுங்காக நடக்கும் இடங்களில் இப்போது அச்சொல்லை இந்தக் கட்டத்தில் பயன்படுத்துவதில்லை. 'நெகட்டிவ் அல்லாதது' என்பார்கள். சொல் விளையாட்டுப் போலத் தோன்றினாலும் இதில் நியாயம் இருக்கிறது. அட்டையில் பூசியிருப்பது ஒரு வகை எதிர்ப்பொருள். அது ஒரு பொருளின் வடிவத்தைத் தோராயமாக அடையாளம் காண்கிறது; அதே சாயல் உள்ள வேறொன்று வந்தாலும் பிடித்துக்கொள்கிறது. மூக்கடைப்புக்குச் சாப்பிடும் சில மாத்திரைகள் ஆம்ஃபிடமின் போலக் காட்டிவிடுவது இதனால்தான். ஆகவே ஐயத்துக்குரிய மாதிரியை, ஆவியாக்கிக் கூறுகளைப் பிரித்து, ஒவ்வொரு மூலக்கூறையும் அதன் நிறையைக் கொண்டு இனங்காணும் பெரிய கருவியில் இட்டுப் பார்க்கிறார்கள். இக்கருவி சாயலைப் பார்ப்பதில்லை. பொருளையே பெயர் சொல்லி, அளவும் சொல்கிறது. நாட்கள் செலவாவது இந்த இரண்டாம் சோதனைக்குத்தான்.

அமெரிக்காவின் பெரிய ஆய்வகங்களில், ஐயத்துக்கு இடமற்ற மாதிரியின் முடிவு அது ஆய்வகம் சேர்ந்து 24 முதல் 48 மணி நேரத்துக்குள் வந்துவிடுகிறது. இரண்டாம் சோதனை தேவைப்பட்டால் மேலும் ஒன்று முதல் மூன்று நாட்கள். நம் நிலையோ வேறு. மாதிரி எடுக்கும் இடம் ஓர் ஊர், பெரிய கருவி இருக்கும் இடம் மற்றோர் ஊர். எங்கள் குப்பி வெள்ளிக்கிழமை காலையில் கூரியரில் புறப்பட்டது. சனிக்கிழமை பிற்பகலில் அங்கே சேர்ந்தது. ஞாயிறு விடுமுறை. திங்களன்று முத்திரை சரிபார்த்து முதற்சோதனையை மீண்டும் செய்தார்கள். செவ்வாயன்று பெரிய கருவி. உண்மையில் சோதனை என்று நடந்தது சில மணி நேரம். எஞ்சியதெல்லாம் பயணமும் விடுமுறையும் வரிசையும். இதை முன்கூட்டியே யாராவது ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தால் எத்தனையோ மன உளைச்சல் குறைந்திருக்கும். கேட்டவர்களுக்கெல்லாம் "நாளைக்கு வரும்" என்ற ஒரே பதில்தான் கிடைத்தது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு மஸ்ஜிதே மஃமூருக்குச் சென்றோம். தெருவரை வரிசை நீண்டிருந்தது. தொழுகை முடிந்து பலரும் ஊர்க்காரர்களைத் தேடிக் கைகொடுத்து நலம் விசாரித்துக்கொண்டிருந்தார்கள். பையன் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு விடுதிக்குத் திரும்பிவிட்டான். ஊர்க்காரர் ஒருவர் என்னிடம் வந்து, தாழ்ந்த குரலில், "பையனுக்கு ஏதோ பிரச்சினை என்கிறார்களே?" என்றார். வியாழன் பிற்பகலில் நடந்தது வெள்ளி பிற்பகலுக்குள் அவர் காதுக்கு எட்டியிருந்தது! ஆய்வகத்துக்கு ஆறு நாள் தேவைப்படும் வேலையை மண்ணடி ஒரே நாளில் முடித்துத் தீர்ப்பும் எழுதிவிடுகிறது.

அன்றிரவு தங்கை தொலைபேசியில் அழைத்தாள். "காக்கா, அவன் உண்மையிலேயே ஒன்றும் செய்யவில்லையே?" என்றாள். பெற்ற தாயையே இப்படிக் கேட்க வைத்துவிட்டது அந்த வராத கோடு.

இத்தகைய வேளையில் ஆலோசனைக்குக் குறைவிருக்காது. பக்கத்து அறையில் இருந்த ஓர் இளைஞர், மறு மாதிரி கேட்டால் முதல் நாளிரவு நான்கு லிட்டர் தண்ணீர் குடித்துவிடச் சொன்னார். இது பலரும் நம்பும் வழி. பலரையும் கெடுத்த வழியும்கூட. ஆய்வகம் போதைப் பொருளை மட்டும் பார்ப்பதில்லை. கிரியேட்டினின் என்ற இயல்பான கழிவுப் பொருள் ஒரு டெசிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குக் குறைந்து, சிறுநீரின் ஒப்படர்த்தியும் 1.003-க்குக் கீழே போனால், 'நீர்த்த மாதிரி' என்று எழுதிவிடுவார்கள். மீண்டும் சோதனை என்றால் மேலும் சில நாட்கள்; கூடவே, 'எதையோ மறைக்கப் பார்த்தான்' என்ற பெயரும். இன்னொருவர், ஒரே மணி நேரத்தில் நல்ல ரிப்போர்ட் வாங்கித் தருவதாகவும் அதற்கு ஒரு தொகை ஆகும் என்றும் சொன்னார். அவருக்கு ஸலாம் சொல்லிக் கதவைச் சாத்தினோம்.

சனி, ஞாயிறு இரு நாட்களும் அவனை அறையில் அடைந்து கிடக்க விடாமல் தெருத் தெருவாக அழைத்துச் சென்றேன். உயர் நீதிமன்ற வளாகத்தை வெளியில் நின்று காட்டினேன். அங்கே இரண்டு கலங்கரை விளக்கங்கள் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. 1844-இல் எழுப்பிய கல் தூண் ஒன்று தனியே நிற்கிறது. நீதிமன்றக் கட்டடம் 1892-இல் எழுந்த பின், அதன் உயர்ந்த மாடத்திலேயே 1894-இல் விளக்கை ஏற்றினார்கள். 1977-இல் மெரினாவில் புதிய கலங்கரை விளக்கம் வரும் வரையில், ஏறத்தாழ 83 ஆண்டுகள், வங்கக் கடலில் வந்த கப்பல்களுக்குத் திசை காட்டியது நீதிமன்றத்தின் உச்சிதான். நம் பாட்டன்மார் இரங்கூனிலிருந்து திரும்பும்போது கண்ட வெளிச்சம் அது. மாலையில் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் நடத்தும் தள்ளுவண்டிக் கடையில் அத்தோ வாங்கிக் கொடுத்தேன். வாழைத்தண்டு சூப்பைக் குடித்தபின் அவன் முதன்முறையாகச் சற்றுச் சிரித்தான். குடித்து முடித்துத் தொண்டையைச் செருமியவன், "மாமா, அந்த இருமல் மருந்து?" என்றான்.

ஊரில் மழை தொடங்கிய நாட்களில் அவனுக்கு விடாத இருமல். மருத்துவர் எழுதிக் கொடுத்த சிரப் ஒன்றைப் புறப்படுவதற்கு முந்தைய இரவு வரை குடித்திருக்கிறான். மருத்துவ மையத்தின் படிவத்தில், அண்மையில் உட்கொண்ட மருந்துகள் என்ற இடத்தில், இருமல் மருந்தும் ஒரு மருந்தா என்று எண்ணி 'இல்லை' என்று எழுதிவிட்டான். அந்தச் சிரப்பில் கோடீன் இருந்தது. கோடீன் அபினிலிருந்து வருவது; உடலுக்குள் சென்றதும் அதன் ஒரு பகுதி மார்ஃபினாகவே மாறுகிறது. அட்டை அதைப் பிடித்ததில் வியப்பில்லை. குளோர்ஃபெனிரமினும் கோடீனும் சேர்ந்த இருமல் மருந்துக் கலவையை 2023 ஜூனில் மத்திய அரசு தடை செய்தது; 2022-இல் அது தாராளமாகப் புழங்கியது.

அன்றிரவே ஊருக்குச் சொல்லி, அலமாரியில் கிடந்த மருந்துச் சீட்டையும் பாதி தீர்ந்த புட்டியையும் படமெடுத்து அனுப்பச் செய்தோம். திங்கள் காலையில் நிறுவனத்தின் மருத்துவரிடம் அவற்றைச் சேர்ப்பித்தோம்.

இந்த மருத்துவரின் பணியைப் பற்றி இரண்டு சொற்கள் கூற வேண்டும். ஆய்வகம் தருவது எண் மட்டுமே. அந்த எண் ஏன் வந்தது என்று கேட்டு அறிந்து, ஏற்கத் தக்க மருத்துவக் காரணம் இருந்தால் அதை ஏற்றுத் தீர்ப்பளிக்க ஒரு மருத்துவர் வேண்டும் என்பது அமெரிக்க விதி. தொழிலாளியுடன் பேசாமல் அவர் முடிவை அறிவிக்கலாகாது. அவர் கிடைக்காவிட்டால் பலமுறை தேட வேண்டும். முடிவு பாதகமானால், 72 மணி நேரத்துக்குள் இரண்டாம் குப்பியை வேறோர் ஆய்வகத்தில் சோதிக்கக் கேட்கும் உரிமையும் தொழிலாளிக்கு உண்டு. நம் நாட்டு நிறுவனங்கள் எல்லாம் இதை அப்படியே பின்பற்றுவதில்லை. அட்டையில் கோடு இல்லை என்றதும் பெயரை அடித்துவிட்டு அடுத்தவனை அழைப்போரும் இருக்கிறார்கள். எங்களுக்கு வாய்த்தவர் பொறுமையானவர்.

செவ்வாய் மாலையில் முடிவு வந்தது. கோடீன் மிகுதியாகவும் மார்ஃபின் குறைவாகவும் இருந்தன. அது கோடீன் உட்கொண்டவரின் உடலில் காணப்படும் முறை. ஹெராயின் உட்கொண்டவரிடம் மட்டுமே தென்படும் 6-மோனோஅசிட்டைல் மார்ஃபின் என்ற பொருள் சிறிதும் இல்லை. மருத்துவர் சீட்டையும் எண்களையும் ஒப்பிட்டுப் பார்த்து, 'தகுதியுடையவர்' என்று எழுதினார். அல்ஹம்து லில்லாஹ்! ஆனால் விமானம் திங்கள் இரவே பறந்துவிட்டது. அவன் இடத்தில் வேறொருவர் போய்விட்டார்.

மருத்துவர் பேச்சுவாக்கில் இன்னொரு கேள்வியும் கேட்டார்: "வீட்டில் குருமாவுக்குக் கசகசா போடுவீர்களா?" நான் விளையாட்டென்று நினைத்தேன். விளையாட்டன்று. கசகசா அபின் செடியின் விதை. விதையில் அபின் இல்லையென்றே சொல்லலாம். ஆனால் காயைக் கீறும்போதும் உடைக்கும்போதும் வடியும் பால் விதையின் மேல் ஒட்டிக்கொள்கிறது. கழுவினாலும் வேகவைத்தாலும் பெருமளவு குறையும்; முழுவதும் நீங்கிவிடும் என்று உறுதி கூற முடியாது. கசகசா சேர்த்த ரொட்டி தின்றவர்களெல்லாம் சோதனையில் சிக்கியதால்தான், அமெரிக்க அரசு 1998 டிசம்பரில் அபின் வகைக்கான வரம்பை ஒரு மில்லிலிட்டருக்கு 300 நானோகிராமிலிருந்து 2000-ஆக உயர்த்தியது. ஆயினும் 300 என்ற பழைய அளவில் செய்த அட்டைகள் இன்றும் விற்பனையில் உள்ளன. 2023 பிப்ரவரியில் அந்நாட்டுப் பாதுகாப்புத் துறை தன் படைவீரர்களைக் கசகசா சேர்ந்த உணவைத் தவிர்க்கும்படி அறிவுறுத்தியது. நம் வீடுகளில் விருந்தென்றால் குருமாவில் கசகசா அரைத்து ஊற்றாமல் இருப்பதில்லை. பயணம் அனுப்பும் விருந்து பெரும்பாலும் மருத்துவச் சோதனைக்கு முந்தைய நாட்களில்தான் நடக்கிறது என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

சர்பத்திலும் ஃபலூடாவிலும் ஊறவைத்துப் போடும் கறுப்பு விதையையும் சில ஊர்களில் கசகசா என்கிறார்கள். அது சப்ஜா, திருநீற்றுப் பச்சிலையின் விதை. அதற்கும் அபினுக்கும் உறவில்லை. நோன்பு திறக்கும் சர்பத்தைக் குறித்து எவரும் கலங்க வேண்டாம்.

கசகசாவைப் பெட்டியில் வைத்து அனுப்புவது மட்டும் வேறு விஷயம். நம் நாட்டில் மளிகைக் கடையில் கிடைக்கும் இப்பொருள் ஐக்கிய அரபு அமீரகத்திலும் சவூதி அரேபியாவிலும் சிங்கப்பூரிலும் தடை செய்யப்பட்டது. கப்பல் பையன்கள் பெரும்பாலும் சிங்கப்பூரிலோ ஃபுஜைராவிலோதான் கப்பலேறுகிறார்கள். தாய் அன்போடு அரைத்துக் கட்டிய மசாலாப் பொட்டலத்துக்கு அங்கே சுங்க அதிகாரி வேறு பெயர் வைப்பார்.

நான் குறை கூற விரும்புவது ஆய்வகங்களை அன்று. இரண்டாம் சோதனைக்கு நாள் ஆகத்தான் செய்யும். அந்த நாட்கள் இல்லாவிட்டால் என் மருமகன் இன்று ஊரில் என்ன பெயரோடு நடமாடியிருப்பான் என்று எண்ணவே அச்சமாக இருக்கிறது. குறை, விமானத்துக்கு மூன்று நாள் முன்பு மருத்துவச் சோதனைக்கு அழைக்கும் வழக்கத்தில் இருக்கிறது. முன்கூட்டியே அழைத்து, பயணம் தள்ளிப் போனால் மீண்டும் சோதிக்க நேரிடும், செலவு இரட்டிப்பாகும் என்பது முகவர்கள் சொல்லும் காரணம். செலவைப் பற்றிப் பேசுவதானால் இதையும் கூற வேண்டும்: 2006-இல் இயற்றி 2013-இல் நடைமுறைக்கு வந்த கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தத்தின்படி, வேலை வாங்கித் தருவதற்கென்று கடலோடியிடம் கட்டணம் வாங்கக் கூடாது. அரசு விதித்த மருத்துவச் சான்று, கடலோடிப் புத்தகம், பாஸ்போர்ட் ஆகியவற்றின் செலவு மட்டுமே அவனைச் சேரும். 'மெடிக்கல் பணம்' என்று பெருந்தொகை கேட்போரிடம் எதற்காக என்று கேட்டு, இரசீது வாங்குங்கள்.

வாலிபர்கள் படிவத்தில் மருந்து பற்றிய இடத்தை வெறுமையாக விட வேண்டாம். இருமல் மருந்து, சளி மாத்திரை, வயிற்றுப்போக்கு மாத்திரை, நாட்டு மருந்து எதுவாயினும் எழுதட்டும். மருந்துச் சீட்டைக் கையோடு கொண்டு போகட்டும். ஊரில் இருப்போரும், ரிப்போர்ட் வரத் தாமதமாகும் பையனின் வீட்டுக்குப் போய் விசாரிக்காமல் இருந்தால் அதுவே பெரிய உபகாரம்.

என் மருமகன் 2023 ஜனவரியில் வேறொரு கப்பலில் ஏறினான். இம்முறை மருத்துவச் சோதனைக்குப் பன்னிரண்டு நாள் முன்பே அழைத்தார்கள். அட்டையில் எல்லாக் கோடுகளும் தோன்றின. முடிவு அன்று மாலையே கைக்கு வந்தது. மண்ணடியில் ஓரிரவு கூடத் தங்காமல் மறு ரயிலில் ஊர் திரும்பி, பத்து நாள் உம்மாவின் கையால் சாப்பிட்டுவிட்டுத்தான் புறப்பட்டான். ஃபுஜைராவுக்குக் கொண்டு போன குருமாப் பொடியைத் தங்கை முந்திரிப் பருப்பும் பொட்டுக்கடலையும் அரைத்துச் செய்திருந்தாள். ருசி அவ்வளவாக இல்லையாம். கப்பலில் அதைச் சாப்பிட்ட பிலிப்பைன்ஸ்காரர்களுக்கு அது தெரியவில்லை என்று எழுதியிருந்தான்.